பஞ்சாயத்துக்கு ஆள் தேவை

லாபு ரப்பர் தோட்டத்தில் பஞ்சாயத்து வைக்கச் சொல்லிவிட்டார் துரை. தலைவராக வீரமுத்துவின் பெயரைக் கங்காணி சொன்னதும் ஆண்கள் கைதட்டினார்கள்.

"இவரு வேணாங்க," என்று எழுந்தாள் பால்வெட்டும் பெண்களில் ஒருத்தியான பஞ்சாலை.

"ஏன், லஞ்சம் வாங்குவானா?" என்றார் கங்காணி.

"சல்லிக்காசு தொடமாட்டாரு."

"ஓரவஞ்சனை பண்ணுவானா?"

"ஊரார் வழக்குன்னா நியாயமாத்தான் பேசுவாரு."

"அப்புறம் என்னலா?"

"இவரு தலைவராயிட்டா, என்னைப் போட்டு அடிக்கிறப்ப நான் யாருகிட்டப் போய்ப் பிராது குடுக்கிறது?"

வீரமுத்து தன் மனைவியைப் பார்க்காமல் உட்கார்ந்துகொண்டான்.

அடுத்துச் சன்னாசியைக் கேட்டார் கங்காணி. தன் மனைவி முந்தானையை இழுத்துச் செருகுவதைப் பார்த்த சன்னாசி, தானே வேண்டாம் என்றான்.

"ஒருத்தனும் தேற மாட்டான். நானே இருந்துக்கிறேன்," என்றார் கங்காணி.

பெண்கள் பக்கம், முதல் வரிசையில், கங்காணியின் மனைவி எழுந்து நின்றாள்.