பிதுங்கிய கரு

“கரு ஒரு பக்கமாப் பிதுங்குது” என்று பக்கத்து வீட்டுக் கணக்கு வாத்தியார் நாச்சியப்பன் சொன்னது காதில் விழுந்ததும், அவர் மனைவி சொர்ணம் உண்டாகியிருக்கிறாள் என்று எங்கள் மலாயா ஊரான பத்து பாகாட் முழுக்கச் சொல்லிவிட்டேன். போய்ப் பார்த்தால், புளித்து நாறும் மரவள்ளி மாவு உருண்டை!

“அலமாக், அட கடவுளே, இதையா கருன்னீங்க?”

“அணுவோட கரும்மா. அது எப்பவும் உருண்டையா இருக்காதுன்னு என் கணக்கு சொல்லுது. இந்த உருண்டை அதுக்கு ஒரு மாதிரி உருவம்.”

காலையில் அவர் உருட்டி வைப்பது மாலைக்குள் தானாகவே ஒரு பக்கம் மூக்கு நீட்டும்.

ஜப்பான்காரன் ஆட்சியில் சொர்ணத்துக்குத் தின்ன வேறொன்றும் இல்லை. நேற்று அந்த மாவு உருண்டையையே அவித்துத் தின்றாள்.

இன்று அவள் வயிறு இடப்பக்கம் மட்டும் கூராக நீண்டிருக்கிறது. வாத்தியார் எச்சில் தொட்டு நூல் பிடித்து அளக்கிறார், தூ!

“வலிக்குதுங்க” என்றாள் சொர்ணம்.

“அசையாத. கணக்கு சரியா வருது.”