பெனிட்டா எறிந்த கல்

விவாகரத்துத் தீர்ப்பு வந்ததும், ஒன்பது வயது பெனிட்டா கோர்ட் வாசலில் கிடந்த செங்கல்லைத் தூக்கி அப்பாவின் கார் முன்கண்ணாடியில் எறிந்தாள். யாரும் தடுப்பதற்குள், உடைந்த கண்ணாடிக்குள் கைவிட்டு அதே கல்லை எடுத்து எறிய, அம்மாவின் கார் முன்கண்ணாடியும் நொறுங்கியது.

“நீதாண்டி ஏவிவிட்ட! இன்னைக்கு எனக்குக் கவுன்சிலர் சீட்டுக்கு நேர்காணல்!” என்று கத்தியபடி அவள் அப்பா ஆண்டனிராஜ், அம்மா ஸ்டெல்லாவை அறைந்தான்.

“சின்னாளப்பட்டியில என் கடைத் திறப்பு விழாவைக் கெடுக்க நீ செஞ்ச வேலைடா!” அவள் கைப்பையால் ஓங்கி அடித்தாள். அவன் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது.

இருவரும் மகளை அடிக்கப் பாய்ந்தார்கள். ஆட்டோக்காரர் கஸ்பார் குறுக்கே புகுந்து அந்த அடிகளைத் தன் முதுகில் வாங்கிக்கொண்டார். கண்ணாடி கிழித்த பெனிட்டாவின் விரல்களைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்.

“ஏன் தாயி இப்படிப் பண்ணுன?”

“காரு ரெண்டும் ஓடலன்னா மூணு பேரும் ஒரே ஆட்டோவுல போவோம்ல அங்கிள்? கடைசியா ஒரு தடவ...”

அதற்குள் அவர்கள் ஆளுக்கொரு ஆட்டோவைக் கூப்பிட்டார்கள். கஸ்பார் மற்ற டிரைவர்களைப் பார்த்துக் கையமர்த்தினார். ஒரு வண்டியும் நகரவில்லை.

“மூணு பேரும் ஏறுனாத்தான் வண்டி வரும் சார்.”

பெனிட்டா நடுவில் உட்கார்ந்தாள். ஆட்டோ தாடிக்கொம்பு ரோட்டில் திரும்பியது.

“ஏங்க, சின்னாளப்பட்டிக்கு இது வழி இல்லையே!” என்று ஸ்டெல்லா கஸ்பாரிடம் கத்தினாள்.

“தெரியும்மா. பிள்ளை இன்னும் செத்த நேரம் உங்க நடுவுல இருந்துட்டு வரட்டும்.”