கயிறு பிடிக்காத மச்சான்

கிட்ட வந்து உட்காருங்க. இது சத்தம் போட்டுச் சொல்லுகிற சங்கதி இல்லை. தேன்காரர் காதில் விழுந்தால் வம்பு.

மலைப்பாறையில் தேன் எடுக்கிறவர் கயிற்றில் தொங்கியபடி இறங்குவார். மேலே நின்று கயிற்றைப் பிடிப்பது பெண்டாட்டியின் உடன்பிறந்தவன். கூடப்பிறந்தவள் வாழ்க்கையே கையில் இருக்கும்போது எவனுக்காவது பிடி நழுவுமா? காலங்காலமாக அதுதான் ஏற்பாடு. வேறு ஆள் அந்தக் கயிற்றைத் தொடவே மாட்டான்.

இந்த வருஷம் தேனடை கனத்துத் தொங்குகிற நேரம் பார்த்து, மச்சான்காரன் கையை விரித்துவிட்டான்.

"உனக்கு நான் கயிறு பிடிக்க மாட்டேன், மாப்பிள்ளை."

"நான் என்ன மச்சான் செஞ்சேன்?"

"போன தடவை பங்கு பிரிச்சப்போ எனக்கு ஓரத்து அடையைத் தள்ளிவிட்டியே, அது மறந்துபோச்சா?"

"ஒரு அடைக்கா இந்த வீம்பு? என் வீட்டுல உலை கொதிக்க வேண்டாமா?"

"அது உன் பாடு."

தெருவே கூடிவிட்டது. தங்கச்சிக்காரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள்.

"அடப்பாவி! நீயெல்லாம் ஒரு அண்ணனா? உன் மூஞ்சியில முழிச்சாலே பாவம்!"

"தங்கச்சி வயித்துல அடிச்சிட்டானே, அற்பப் பய!" என்று ஊரும் சேர்ந்து துப்பியது. அவன் தலை நிமிரவில்லை.

தேன்காரருக்கு வேறு வழி? சாக்கை எடுத்துக்கொண்டு பெண்டாட்டி பின்னால் காட்டுக்குப் போனார்.

"குனிஞ்சு பொறுக்குறதெல்லாம் ஒரு பொழப்பா?"

"முதல்ல குனிங்க. கடுக்காய்க்குச் சாயக்காரர் காத்துக்கிடக்காரு. பூந்திக்கொட்டைக்குத் துணி வெளுக்குறவரு."

கொஞ்ச நேரத்தில் ஒரு மரத்தடியிலிருந்து அவர் குரல் வந்தது. "ஏ, இங்க வா! எவ்வளவு பிசின் வழிஞ்சிருக்கு பாரு!"

சாயங்காலம் அவள் அண்ணன் வீட்டுக் கொல்லைப்புறமாக நுழைந்தாள். அவன் தனியாக உட்கார்ந்திருந்தான்.

"ரொம்பத் திட்டிட்டேனா அண்ணே?"

"நல்லாத்தான் திட்டினே. 'அடப்பாவி'தான் கொஞ்சம் தூக்கல். மாப்பிள்ளை எப்படி இருக்காரு?"

"இன்னைக்கும் கிறுகிறுன்னு வந்திடுச்சு. மரத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டாரு. காலுக்குக் கீழே தரை இருந்துச்சு, தப்பிச்சாரு. தலை சுத்துது, இறங்காதீங்கன்னு நான் சொன்னா கேக்குற மனுஷனா? அதான் உன்னைச் சண்டை போடச் சொன்னேன்."

"எனக்குக் கெட்ட பேருதானே, கிடக்கட்டும். அவர் இருக்கணும்மா."

அவள் முந்தானையால் அவன் கண்ணைத் துடைத்தாள். வாசல் பக்கம் யாரோ செருமுகிற சத்தம். தேன்காரர்தான், அவளைத் தேடிக்கொண்டு வருகிறார்.

அண்ணன் கையை இறுக்கிப் பிடித்தபடியே, தெருவுக்கே கேட்கிற மாதிரி அவள் ஆரம்பித்தாள்: "கல்நெஞ்சக்காரா! நீ விளங்குவியா?"