பலெர்மோவின் பளிங்குப் படி

லண்டன் மோர்டன் வீட்டின் பெரிய தொலைக்காட்சியில் தர்சிகன் தன் இத்தாலிப் பயணப் படங்களை ஓட்டுகிறான். “ஒரே நாளிலை பலெர்மோ முழுக்கப் பாத்து, சாப்பிட்டு முடிச்சிட்டன், அம்மா.” கொழுப்பு வடியும் மாட்டு மண்ணீரல் பாண், அதைக் கடிக்கும் அவனுடைய மினுங்கும் வாய். தாய் ஜெகதீஸ்வரி தேநீரைக் கீழே வைக்கிறார். அடுத்த படத்தில் அவன் ஒரு மாளிகையின் வெள்ளைப் பளிங்குப் படியில் கால் நீட்டி இருக்கிறான். “லண்டனுக்கு வரமுன்னம் நீங்கள் ஒன்பது வருசம் தேய்ச்சுக் கழுவின படி! உங்களுக்காகத்தான் தேடிப்போனனான்.” அவன் கையிலிருந்து ஒழுகிய ஐஸ்கிரீம் இரண்டு படிகளில் பச்சைச் சளிபோலப் பரந்து கிடக்கிறது, அதில் ஈக்கள் ஒட்டியிருக்கின்றன. பழைய பிளீச் நெடி அவருடைய மூக்கில் ஏறுகிறது. இருந்த இடத்திலேயே முழங்கால்கள் எரிகின்றன. “அதை ஆர் துடைச்சது?” என்று கேட்கிறார். அவன் சிரித்தபடி அடுத்த படத்துக்குத் தள்ளுகிறான். “அதுக்கெண்டு அங்கை ஆக்கள் இருக்கினம்தானே, அம்மா.”