சுவரைப் பார்த்த காது

ஒலிபெருக்கிக் கடையின் மூலையில் அண்ணன் சுவரைப் பார்த்து நிற்கிறான். கண் பார்த்தால் காது ஏமாந்துவிடுமாம், தம்பியின் ஏற்பாடு. முதுகுக்குப் பின்னால் கடைக்காரர் ஸ்பீக்கர் ஒயரை மாற்றி மாற்றிக் கொடுக்க, தம்பி கிட்டாரில் ஒரே மெட்டைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறான். ஜன்னல் வெயிலில் அவன் நிழல் சுவரில் ஆடுகிறது. நிழலுக்குக்கூட மேடைத் தோரணை வந்துவிட்டது. ஒரே வீட்டில் ஒரே கிட்டாரைப் பிடுங்கிப் பிடுங்கி வாசித்தவர்கள்தான். கச்சேரிக்குக் கூப்பிடுவது மட்டும் தம்பியை. ஸ்பீக்கரின் காகிதக் கோன் கிழிந்து பரணில் கிடந்த அண்ணனின் கிட்டார் ஆம்ப்ளிஃபயர் பெட்டியையும் ஒரு வார்த்தை கேட்காமல் தூக்கிவந்துவிட்டான். அது இப்போது கடை நடுவே வாயைப் பிளந்து கிடக்கிறது. முதல் ஸ்பீக்கர் தொண்டையில் துணி அடைத்ததுபோல் முனகுகிறது. இரண்டாவதில், கம்பிமேல் விரல் உரசுவதுகூடத் தனியாகக் கேட்கிறது. அண்ணனுக்குக் கை ரோமம் சிலிர்க்கிறது. கூடவே வயிறும் எரிகிறது. இதுவும் அவனுக்கா?

"எதுண்ணா நல்லா இருக்கு?"

"முதல்ல கேட்டதுதான். ரெண்டாவது வெறும் இரைச்சல்."

"நெஜமாவா சார்?" என்று கடைக்காரர் இழுக்கிறார்.

"அண்ணன் காது பொய் சொல்லாது. முதல் ஸ்பீக்கரையே மாட்டிருங்க," என்கிறான் தம்பி. "பெட்டி அவரோடது. நாளைக்குக் கச்சேரியில இதுல வாசிக்கப்போறதும் அவருதானே."

திருகாணிகள் ஒவ்வொன்றாக இறுகுகின்றன. அண்ணன் சுவரையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

"முடிஞ்சிருச்சுண்ணா, இனிமே திரும்பலாம்."