இன்னும் ஒரே ஒரு திருத்தம்

“அந்த நீலம் ரொம்பக் கத்துதும்மா. கொஞ்சம் அடக்கி வை” என்று பதில் அனுப்பினாள் அக்கா. அனுப்பிவிட்டு, மீசையில் ஒட்டியிருந்த டீயைத் துடைத்துக்கொண்டாள்.

ஆம், மீசைதான். அக்கா போய் ஒன்றரை வருடமாகிறது. அவள் பெயரில் பதில் எழுதுவது அவள் வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர்.

இணையதளம் வடிவமைப்பவர்களுக்காக அக்கா ஒரு தளம் நடத்திவந்தாள். எழுத்துருக்கள், வண்ணச் சேர்க்கைகள், இலவசப் படங்கள், கண்ணில் பட்ட நல்ல பக்கங்கள் என்று குருவி கூடு கட்டுவதுபோல் பொறுக்கிச் சேர்த்தது. தொழிலுக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் தங்கள் பக்கங்களை அனுப்பி, ‘அக்கா, தேறுமா?’ என்று கேட்பார்கள். அவள் ஒரே வரியில் பதில் சொல்வாள்.

அவள் போனபின் தளத்தை மூடத்தான் உட்கார்ந்தார். அப்போது பார்த்து ஒரு கேள்வி வந்து விழுந்தது. ‘அக்கா, இந்த பட்டன் மேல இருக்கணுமா, கீழயா?’

ஆயுசு முழுக்க லிஃப்ட் பட்டனோடு மல்லுக்கட்டியவருக்குக் கை சும்மா இருக்குமா? ‘கட்டைவிரல் எட்டுற இடத்துல வைம்மா’ என்று எழுதிவிட்டார். மற்றதற்கெல்லாம் அவள் திரையைப் பார்த்து முணுமுணுத்த வார்த்தைகள் கைகொடுத்தன. பக்கத்து நாற்காலியில் இத்தனை காலம் சும்மாவா உட்கார்ந்திருந்தார்?

நாளடைவில் மற்ற பிள்ளைகள் ஒவ்வொருவராய் நின்றுபோனார்கள். ஒருத்தி மட்டும் மிஞ்சினாள். அக்கா எது சொன்னாலும் எதிர்வாதம் பண்ணுவாள் என்று அக்காவே அவளுக்கு ‘வாயாடி’ என்று பெயர் வைத்திருந்தாள். அவளும் அதையே தன் கையெழுத்தாக்கிக்கொண்டாள்.

தான் செய்த வேலைகளைக் காட்டி வேலை தேடுவதற்காக வாயாடி தனக்கென்று ஒரு பக்கம் செய்துகொண்டிருந்தாள். அது முடிந்தபாடில்லை. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கோணிக்கொண்டு வரும். அதைச் சொன்னால் எதிர்ப்பேச்சே கிடையாது. ‘சரிங்க அக்கா. சாப்டீங்களா?’ என்று பணிவாகப் பதில் வரும்.

‘பொண்ணு பக்குவப்பட்டுட்டா’ என்று அவர் நினைத்துக்கொண்டார். கோணல் இல்லாத நாட்களில் அவரே தேடிப்பிடித்து ஒரு குறை சொல்வார். பக்கம் முடிந்துவிட்டால் அவளும் போய்விடுவாள். பிறகு அந்த வீட்டில் அவரோடு பேச, சுவர்தான் பாக்கி.

வாரக் கடைசியில் மகள் வந்தாள். அவர் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் படித்தாள்.

“என்னப்பா இது? செத்துப்போன அம்மா பேர்ல ஒரு பொண்ணோட பேசிட்டிருக்கீங்க. வெளிய தெரிஞ்சா மானம் கப்பலேறிடும்.”

“நான் என்ன தப்பாவா பேசறேன்? பட்டனைப் பத்திதானே பேசறேன்.”

“பட்டனோ பனியனோ! அவ அம்மாவை நம்பித்தானேப்பா பேசறா? நாளைக்கு அவளுக்குத் தெரிஞ்சா எப்படி இருக்கும்?”

மகள் கிளம்பிப் போன பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. எழுத்தில் சொன்னால் கோழைத்தனம், வாயால்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வாயாடியின் பக்கத்தில் கடைசி வரியில் தொலைபேசி எண் இருந்தது. ‘போன்ல கொஞ்சம் பேசணும்மா. கூப்பிடட்டுமா?’ என்று எழுதினார்.

எப்போதும் உடனே வரும் பதில் அன்று வரவில்லை. டீ ஆறி ஏடு படிந்தது. பிறகு வந்தது. ‘கூப்பிடுங்க அக்கா.’

கூப்பிட்டார். மறுமுனையில் எடுத்தார்கள். ஆனால் யாரும் பேசவில்லை. மின்விசிறி சுற்றும் சத்தமும், அதற்கடியில் யாரோ மூச்சை அடக்கிக்கொண்டிருப்பதும் கேட்டன. ஆம்பளைக் குரல் கேட்டுக் குழந்தை பயந்துவிடுவாளோ என்று ஒரு நிமிடம் தயங்கினார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கொட்டிவிட்டார்.

“கோவிச்சுக்காத வாயாடி. அக்கா இல்லம்மா, நான் அவ வீட்டுக்காரர். அவ போயி ஒன்றரை வருஷமாச்சு. சொல்ல வாய் வரல. உன் பக்கம் என்னிக்கோ அழகா முடிஞ்சிடுச்சும்மா. நான்தான் சும்மா சும்மா நொட்டை சொல்லிட்டிருந்தேன். நீயும் போயிட்டா எனக்குப் பேச ஆளில்ல, அதான்...”

வைத்துவிடுவாள் என்று காத்திருந்தார். வைக்கவில்லை. யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, கரகரத்த ஓர் ஆண்குரல் பேசியது.

“நானும்தாங்க, சரியா இருக்கிறதை வேணும்னே கோணலாக்கி அனுப்பிட்டிருந்தேன்.”

“நீங்க...?”

“வாயாடியும் இல்லீங்க. நான் அவ அப்பா.”