நாற்காலியைத் தொடாதே!

"நாற்காலியில கை வச்சே, நடக்கிறதே வேற!"

அதட்டல் கேட்டு வெர்லீன் திரும்பினாள். எதிர் வீட்டு வாசற்படியில் ஒரு தடித்த பெண்மணி. நைட்டிக்கு மேல் ஆண்பிள்ளைக் கோட்டு, கையில் பனி அள்ளும் வாரி.

சிகாகோவில் ரெண்டு நாளாகக் கொட்டிய பனியில் தெருவே புதைந்து கிடந்தது. சுத்தமாக வழித்தெடுத்த இடம் ஒன்றே ஒன்று. அதிலும் ரெண்டு சமையலறை நாற்காலி, குறுக்கே ஒரு துடைப்பம்!

வெர்லீன் இந்த ஊருக்கு வருவது இதுதான் முதல் தடவை. மிசிசிப்பியிலிருந்து பதிமூணு மணி நேரம் காரோட்டி வந்திருக்கிறாள். தங்கை அடெல் ஆபரேஷனில் இரட்டைக் குழந்தை பெற்று நேற்றுதான் வீடு திரும்பியிருந்தாள். கூடமாட ஒத்தாசைக்கு ஆளில்லை.

கிளம்பும் முன்பே போனில் பாடம் நடத்தியிருந்தாள் அடெல். "நடைபாதை நடுவுல நின்னு அண்ணாந்து பாக்காதே. ஹாட் டாக்குக்குத் தக்காளி சாஸ் கேக்காதே, இந்த ஊர்ல யாரும் ஊத்திக்க மாட்டாங்க, மானம் போயிடும். தெருவுல நாற்காலி கிடந்தா மட்டும் தொடவே தொடாதேக்கா. பனியை வழிச்சவங்கதான் அங்க வண்டி நிறுத்தலாம்."

முதல் ரெண்டும் சரி. மூணாவதைக் கேட்டபோதே வெர்லீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தங்கை வீட்டுத் தெருவில் வண்டி நிறுத்த இடம் தேடி நாலு சுற்று சுற்றியாகிவிட்டது. செல்போன் மத்தியானமே செத்துப்போச்சு. பின்சீட்டில் நாலு வயசு ஜூனி, "அம்மா, அவசரம்!" என்று நெளிந்தாள்.

"தெரு என்ன உங்கப்பா வீட்டுச் சொத்தா?" வெர்லீன் ஒரு நாற்காலியைத் தூக்கியே விட்டாள்.

அந்தப் பெண்மணி தடதடவென்று இறங்கி வந்து நாற்காலியின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"காலையிலேர்ந்து முதுகொடிய வழிச்சிருக்கேன். உன்னை மாதிரி ஆறு பேரைத் துரத்தியாச்சு. நீ ஏழாவது. கிளம்பு!"

"உன் கார் எங்கே? அது வரட்டும், நான் எடுத்துடறேன்."

"எனக்கு ஏது கார்?"

வெர்லீன் நாற்காலியைத் தன் பக்கம் இழுத்தாள்.

"காரே இல்லாதவளுக்கு இடம் எதுக்குடியம்மா? நாற்காலி போட்டுக் காத்து வாங்கவா? எங்க ஊர்ல அசலார் வந்து நின்னா, வீட்டு வாசலையே ஒழிச்சுக் குடுப்போம். பேருதான் பெரிய ஊரு, மனசு இத்தனூண்டு!"

"அப்ப உங்க ஊர்லயே போய் நிறுத்து!"

"மாட்டேன்! இந்தக் கட்டடத்துல மேல பச்சை உடம்புக்காரி ஒருத்தி ரெண்டு குழந்தையோட தனியாக் கிடக்கா. போலீஸைக் கூப்பிடு, யாரை வேணாக் கூப்பிடு. இங்கதான் நிறுத்துவேன்!"

அந்தப் பெண்மணி நாற்காலிக் காலை விட்டாள்.

"மேலன்னா... மூணாவது மாடியா?"

பதிலுக்குக் காத்திராமல் காரின் பின்னால் போனாள். நம்பர் பலகையில் அப்பியிருந்த பனியைக் கையால் துடைத்தாள். மிசிசிப்பி. கண்ணாடி வழியே ஜூனியைப் பார்த்தாள். கோட்டுப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தாள்.

"'நீலக் கார், மிசிசிப்பி நம்பர், கூட ஒரு பொண்ணு. வாய் கொஞ்சம் நீளம்.' உன் தங்கச்சி எழுதிக் குடுத்தது. கொஞ்சமாம்!"

வெர்லீன் நாற்காலியைக் கீழே வைத்தாள்.

"காலையில சூப் குடுக்கப் போனேன். அக்கா வராளே, வண்டியை எங்கே நிறுத்துவாளோன்னு ஒரே அழுகை. இடம் பிடிச்சு வச்சு நீலக் காருக்காகக் காத்திருந்தா, நீ ரோட்டுல பனி கரையக் கொட்டின உப்பும் சேறுமா வந்து நிக்கறே. நீலமா, பச்சையான்னு யாருக்குத் தெரியும்?"

"அம்மா... என்னை மன்னிச்சு..."

"அதெல்லாம் அப்புறம். முதல்ல குழந்தையை இறக்கு."

துடைப்பத்தை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்ட பெண்மணி, நாற்காலியை வெர்லீன் கையிலேயே திணித்தாள்.

"நாளைக்கு வண்டியை எடுக்கறப்ப இதைப் போட்டுட்டுப் போ. எவனாவது தொட்டான்னா, எங்கிட்டப் பேசினியே, அதே வாயோட பேசு!"